தரை இல்லாமல் நடை உண்டா?

நாம் எப்படி நடக்கிறோம்? காலால்தானே என்பீர்கள். அது பாதி விடைதான். கால் தரையைப் பின்னோக்கித் தள்ளுகிறது. உராய்வினால் தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. எண்ணெய் சிந்திய தரையில் வலுவான காலும் வழுக்கும்.

ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவில் அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் ஒருவர் இருக்கிறார். வயது முப்பது. காலையில் பால் வாங்கி வருவது அவர் வேலை. சில்லறை எண்ணுவது அவருக்குக் கடினம். கடைக்காரர் பொறுமையாக எண்ணிக் கொடுப்பார். "எனக்குப் பிறகு இவனுக்கு யார்?" என்பதே தாயாரின் கவலை.

"எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாமே" என்பர் சிலர். நான் உடன்படவில்லை. பழகிய தெருவையும் முகங்களையும் இழந்தால், அவர் காலடித் தரையையே இழப்பார்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, சமூகத்தில் வாழ்வது அவர்கள் உரிமை என்கிறது. வீட்டிலேயே கிடைக்கும் உதவி, தனி உதவியாளர் போன்ற சேவைகளுக்கு அரசு முயல வேண்டும் என்றும் கூறுகிறது. முயற்சி மட்டும் போதாது. அருகே கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் போன்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக உழைக்கின்றன. ஆயினும், ஒவ்வொரு வார்டிலும் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் இருந்தால்தான் அந்தத் தாயின் கவலை தீரும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கடையில் அத்தகைய ஒருவர் சில்லறை எண்ணத் தடுமாறினால், அவசரப்படுத்தாமல் காத்திருங்கள். அந்த ஒரு நிமிடம் அவருக்கு நீங்களே தரை.