தேக்கு, ஈமு, இப்போது கட்டடம்

உடன் பணியாற்றிய பேராசிரியர் ஒருவர், தமது பணிக்கொடையில் அலுவலகக் கட்டடமொன்றின் 'பகுதி உரிமை' வாங்கலாமா என்று கேட்டார். 1990-களில் தேக்குத் தோட்டங்களும் பின்னர் ஈமு கோழியும் இப்படித்தான் அறிமுகமாயின. மரமும் பறவையும் பாவம், குற்றமற்றவை. வெளிச்சந்தை இல்லாத பொருளுக்கு விற்றவரே விலையும் நிர்ணயித்ததுதான் கோளாறு.

2024 மார்ச்சில் செபி கொண்டுவந்த சிறு, நடுத்தர 'ரெய்ட்' விதிகள் இதைச் சீர்செய்கின்றன. 50 கோடி முதல் 500 கோடி ரூபாய்க்குட்பட்ட சொத்துகளின் அலகுகள் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட வேண்டும். 95 சதவீதம், கட்டிமுடித்து வருவாய் ஈட்டும் சொத்தாக இருக்க வேண்டும். ஆனால், ஓர் அலகின் குறைந்தபட்ச விலை 10 லட்சம் ரூபாய். பாதுகாப்புக்கென எழுப்பிய இந்த உயர்ந்த வாசற்படியே, சிறுசேமிப்பாளரைப் பதிவற்ற திட்டங்களின் பக்கம் திருப்பிவிடும் என அஞ்சுகிறேன்.

நண்பர் காட்டிய திட்டம் பதிவு பெறாதது. வேண்டாம் என்றேன். முன்பணம் கட்டிவிட்டாராம்.