பச்சை உடம்புக்காரியின் மனம்

பிரசவித்த பெண்ணைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தச் சொல்லில் அக்கறை இருக்கிறது. காதில் காற்றுப் புகாமல் துணி கட்டுவது, பால் சுரக்கப் பூண்டு சேர்த்துச் சமைப்பது, கனமான எதையும் தூக்கவிடாமல் தடுப்பது என அவள் உடலைப் பேணுவதற்கு நம் சமூகம் ஒரு முறையையே வகுத்து வைத்திருக்கிறது. அவளுடைய மனமும் அதே அளவுக்குப் பச்சையாக இருக்கிறது என்பதை மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

குழந்தை பிறந்த சில நாள்களில் காரணமின்றி அழுகை வருவதும், சிறு சொல்லுக்கு மனம் உடைவதும் பல தாய்மார்களுக்கு இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் அது தானாகவே தணிந்துவிடும். தணியாமல் நீடித்தால் அது மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கக்கூடும். குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வராமை, எதிலும் நாட்டமின்மை, ‘நான் நல்ல தாய் அல்ல’ என்ற ஓயாத குற்றவுணர்வு, குழந்தையிடம் ஒட்டுதல் தோன்றாமை ஆகியவை அதன் அடையாளங்கள். வளரும் நாடுகளில் பிரசவித்த பெண்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு மனநலக் குறைபாடு ஏற்படுவதாகவும், அதில் மனச்சோர்வே முதன்மையானது என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இத்தனை பேருக்கு வருவது ஏன் நம் கண்ணில் படுவதில்லை? கேட்பவர் இல்லை என்பதே காரணம். பார்க்க வருபவர்கள் குழந்தை யார் சாடை என்று கேட்கிறார்கள். பால் போதுகிறதா என்று கேட்கிறார்கள். தாய் கண் கலங்கினால், “தங்கம் போலப் பிள்ளை இருக்க உனக்கென்ன குறை?” என்கிறார்கள். அதன்பின் அவள் எப்படி வாய் திறப்பாள்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவது பல குடும்பங்களின் வழக்கம். அதுவரை நள்ளிரவில் குழந்தையை வாங்கிக்கொண்ட அம்மாவின் கை அன்றோடு நின்றுவிடுகிறது. மனச்சோர்வோ பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தலைதூக்கலாம். எனவே சீர்வரிசையோடு அவளை வரவேற்கும் வீடு, அவளுடைய உறக்கத்துக்கும் பொறுப்பேற்க வேண்டும். இரவில் ஒரு வேளையேனும் கணவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டு, அவள் நான்கைந்து மணி நேரம் தொடர்ந்து உறங்க வழி செய்வது சலுகை அன்று, கடமை.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கடமை உண்டு. 6, 10, 14 ஆகிய வாரங்களில் தடுப்பூசிக்காகக் குழந்தையைத் தவறாமல் அழைத்து வருகிறோம். குழந்தையின் எடையைப் பார்க்கிறோம், அட்டையில் குறிக்கிறோம். தூக்கி வந்த தாயை ஒரு வார்த்தை கேட்பதில்லை. 1987-இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள்தான், தமிழிலும் உண்டு, சில நிமிடங்களில் முடிந்துவிடும். தடுப்பூசி நாளில் அதைத் தாய்க்கும் வழக்கமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கூட்ட நெரிசலில் இதற்கு நேரமேது என்று கேட்கலாம். வரிசையில் காத்திருக்கும் நேரமே போதுமானது. ஆனால் மாமியாரும் கணவரும் அருகில் அமர்ந்திருக்க அவள் உண்மையைச் சொல்லமாட்டாள். அந்தச் சில நிமிடங்கள் அவளைத் தனியே விடுவது குடும்பத்தார் செய்யும் பேருதவி.

மருந்து உண்டால் பால் கொடுக்க முடியாதே என்ற அச்சத்தால் பலர் சிகிச்சையைத் தவிர்க்கிறார்கள். ஆலோசனை மட்டுமே போதுமானவர்கள் பலர். மருந்து தேவைப்பட்டாலும், பாலூட்டும்போது எடுத்துக்கொள்ளக்கூடியவை உள்ளன. மருத்துவரே தேர்ந்து தருவார். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் இதே சோர்வைத் தரும் என்பதால் அவற்றையும் சோதித்துக்கொள்வது நன்று.

தாய் தொடர்ந்து உறங்காமல் தொடர்பின்றிப் பேசினாலோ, இல்லாத குரல்கள் கேட்பதாகச் சொன்னாலோ, தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தும் எண்ணத்தை வெளியிட்டாலோ, அது அவசரநிலை. பேய், பிசாசு என்று காலம் கடத்தாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதுவரை அவளைத் தனியே விடாதீர்கள். மற்ற நேரங்களில் மனம் கனத்தால், 14416 என்ற அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த முறை பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செல்லும்போது, தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்கு முன் தாயின் அருகில் அமருங்கள். “நீ எப்படி அம்மா இருக்கிறாய்?” என்று கேளுங்கள். கேட்டபின், அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள்.