வலி அடங்கும்வரை பாதிக் கொழுந்து போதும்

2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான பொம்பிளை ஒருமைப் பெண்களை நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்த பேச்சுவார்த்தையில் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. ஒருவர் அன்றாடம் பறிக்க வேண்டிய கொழுந்தும் 21 கிலோவிலிருந்து 25 ஆனது. கூலி உயர்வு பேசப்பட்ட அளவுக்கு அந்த நாலு கிலோ பேசப்படவில்லை.

சரிவில் நின்று பறித்து, மூட்டையைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு நடக்கும் வேலை இது. வருடக்கணக்கில் செய்தால் முதுகும் தோளும் முட்டியும் தேயாமல் என்ன செய்யும்? மூணாறு, பீர்மேடு, பாலக்காட்டு நெல்லியாம்பதி எல்லாத் தோட்டங்களுக்கும் இது பொது. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நோய்க்கால உதவித்தொகையைச் சொன்னது. படுத்து எழுந்து வருபவருக்கு எந்த வேலையை, எவ்வளவு கொடுப்பது என்பதைச் சொல்லவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. மூலம் வருடத்துக்கு 91 நாள்வரை 70 சதவீதக் கூலி உண்டு. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ, தோட்டங்கள் இ.எஸ்.ஐ.யில் சேருவதை முதலாளியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டது.

மூன்று மாதம் தாண்டிய வலியை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகவே வகைப்படுத்துகிறது. நாள்பட்ட இடுப்புவலிக்கு 2023-இல் அந்த நிறுவனம் தந்த வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் மனநலத் துணையையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. முடங்கிக் கிடந்தால் தசை தளரும். தளர்ந்த உடம்பின்மேல் முதல் நாளே 25 கிலோவை ஏற்றினால் வலி திரும்பும். ஆனாலும் கொழுந்து பறிக்கும் பெண் வேலைக்குப் போயாக வேண்டும். வேலை போனால் தோட்டம் தந்த லயத்து வீடும் போகும்.

தேயிலைத் தொழில் நலிந்திருக்கிறது என்பார்கள் முதலாளிகள். பீர்மேட்டில் மூடிக் கிடந்த தோட்டங்களை நாமும் அறிவோம். ஆனால் ஆள் இல்லை என்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளர்களை அழைத்துவருபவர்கள், கை தேர்ந்தவர்களை வலிக்குப் பறிகொடுப்பது என்ன கணக்கு? உடம்புக்கேற்ற வேலை மூணாறுக்குப் புதிதுமல்ல. தொழிலாளர் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் அங்குள்ள சிருஷ்டி நல மையத்தில் காகிதம் செய்கிறார்கள், துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். அவர்களுக்கு முடிந்தது, அவர்களைப் பெற்றவர்களுக்கு ஏன் முடியாது?

வலித் தணிப்பில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டிய மாநிலம் கேரளம். வீடு தேடிப்போகும் அந்தப் பராமரிப்பு லயங்களில் வேலை செய்யும் வயதினரின் வலிக்கும் விரிய வேண்டும். எஸ்டேட் டிஸ்பென்சரிகளுக்கு வாரம் ஒருநாளாவது பிசியோதெரபிஸ்ட் வரவேண்டும். முதுகைக் காட்ட தேனிக்கும் கோட்டயத்துக்கும் பஸ் ஏறும் நாளெல்லாம் கூலி போகும் நாள். மருத்துவர் சொல்லும் காலம்வரை பாதி எடை, சுமை தூக்காத வேலை, குறையாத கூலி, கைவிட்டுப் போகாத லயம். தோட்டக் கூலியைப் பேசி முடிவுசெய்யும் பிளான்டேஷன் லேபர் கமிட்டி அடுத்துக் கூடும்போது, கூலிக் கோரிக்கையோடு இதையும் எழுத்தில் வாங்காமல் தொழிற்சங்கங்கள் கையெழுத்துப் போடக்கூடாது.