1971 போர்ப் பதக்கங்களைப் பணிப் பதிவேட்டில் சேர்க்கக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
முன்னாள் படைவீரர்கள் சங்கம்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கிருஷ்ணகிரி.

பொருள்: 1971 போரில் காயமடைந்த ஓய்வுபெற்ற ஹவில்தாரின் பணிப் பதிவேட்டில் விடுபட்ட பதக்கங்களைச் சேர்த்துத் திருத்த, சம்பந்தப்பட்ட ரெக்கார்டு ஆபீசுக்குப் பரிந்துரைக்கக் கோருதல், மற்றும் சில கோரிக்கைகள் – தொடர்பாக.

பார்வை: இதே பொருள் குறித்து ரெக்கார்டு ஆபீசுக்கு நாங்கள் அனுப்பிய கடிதங்களும் நினைவூட்டல்களும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி வட்டங்களில் வசிக்கும் முப்படை ஓய்வுபெற்றோரும் அவர்களுடைய விதவைகளும் உறுப்பினராக உள்ள சங்கம் எங்களுடையது.

1. முதல் கோரிக்கை. இந்த மனுவே இதற்காகத்தான்.

எங்கள் உறுப்பினர் ஒருவர் தேன்கனிக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஹவில்தார். அவருடைய பெயர், படை எண், ரெஜிமென்ட் விவரங்களைத் தனி உறையில் வைத்துள்ளோம். 1971 டிசம்பரில் மேற்கு முனையில், ஷகர்கர் பகுதியில் இருந்தவர். டிசம்பர் 3 அன்று மூண்டு 17 அன்று போர்நிறுத்தத்தில் முடிந்த அந்தச் சண்டையில், எதிரியின் பீரங்கிக் குண்டுச் சில்லு அவருடைய இடது முன்கையில் பாய்ந்தது. அங்கிருந்து ராணுவ மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மேற்கு முனையில் பணியாற்றியவருக்கு உரியது பஸ்சிமி ஸ்டார். அந்தப் போர்க்காலச் சேவைக்கு உரியது சங்கிராம் மெடல். எதிரியின் நேரடித் தாக்குதலில் காயம்பட்டவருக்கு உரியது வூண்ட் மெடல் என்கிற பராக்ரம் பதக். இவருக்கு இந்த மூன்றும் உரியவை. பதிவேட்டில் ஒன்றுகூட இல்லை.

அவருடைய டிஸ்சார்ஜ் புக்கைத் தாங்கள் ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்க வேண்டுகிறோம். பதக்கங்களுக்கான பக்கத்தில் இரண்டே வரிகள் உள்ளன. ஒன்று, 25-ஆவது சுதந்திர ஆண்டுப் பதக்கம்; மற்றொன்று, ஒன்பதாண்டு நீண்ட சேவைப் பதக்கம். அதற்குக் கீழே காலிக் கோடுகள். அதே புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதும் இடத்தில், இடது முன்கையில் குண்டுச் சில்லு பட்ட தழும்பு என்று மையால் எழுதி, அதிகாரி கையொப்பமிட்டு, முத்திரையும் வைத்திருக்கிறார்கள். ஆளை அடையாளம் காட்ட அந்தத் தழும்பை ஏற்ற ராணுவம், அந்தத் தழும்புக்குரிய பதக்கத்தை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறது.

இது எப்படி நேர்ந்தது என்பது படையில் இருந்த எவருக்கும் புரியும். பதக்கத்துக்குத் தகுதியானவர்களின் பட்டியலை யூனிட் தயாரிக்கும். அது பார்ட்-2 ஆர்டராக வெளியாகி ரெக்கார்டு ஆபீசுக்குப் போகும். அங்கே ஒவ்வொருவருடைய ஷீட் ரோலிலும் பதிவாகும். இவருடைய யூனிட்டில் பட்டியல் எடுத்தபோது இவர் மருத்துவமனையில் கட்டிலில் கிடந்தார். குணமானதும் பழைய யூனிட்டுக்குத் திரும்பாமல் வேறு இடத்துக்கு அனுப்பப்பட்டார். புது யூனிட் எழுதிக்கொள்ளும் என்று பழைய யூனிட் விட்டது; பழைய யூனிட் எழுதியிருக்கும் என்று புது யூனிட் விட்டது. முன்னணியில் அடிபடாமல் நின்றவர்களின் பெயர் பட்டியலில் ஏறியது. அடிபட்டவரின் பெயர் விடுபட்டது.

நாங்கள் முன்பே எழுதியவற்றை இங்கே மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. படிக்கப்பட்டதற்கான அடையாளம் எதுவும் எங்களுக்கு வந்துசேராததே காரணம்.

எங்கள் முதல் கடிதத்தில் மேற்கண்ட விவரங்களை எழுதி, டிஸ்சார்ஜ் புக்கின் சான்றொப்பமிட்ட நகலையும் மருத்துவமனைக் குறிப்பின் நகலையும் சேர்த்து அனுப்பினோம். உங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று ஒரு வரிப் பதில் வந்தது. அதை மகிழ்ச்சியுடன் சங்கக் கூட்டத்தில் படித்தோம். பிறகு மௌனம்.

நினைவூட்டல் அனுப்பியபோது, மனுதாரரின் பெயர் பதிவேட்டில் உள்ள பெயருடன் ஒத்துப்போகவில்லை என்று பதில் வந்தது. இது எங்கள் எல்லைப் பகுதியின் பழைய தொல்லை. வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் குடும்பத்தில் முனியப்பா என்று பெயர் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் அது முனியப்பன் ஆகிறது. பெங்களூரு ஆள்சேர்ப்பில் எழுத்தர் ஆங்கிலத்தில் மூன்றாவது விதமாக எழுதுகிறார். படை எண் ஒன்றே, தகப்பனார் பெயர் ஒன்றே, பிறந்த ஊரும் ஒன்றே என்று காட்டி மறுமொழி அனுப்பினோம்.

அடுத்து முகவரியைக் கேள்வி கேட்டார்கள். ஆவணத்தில் தர்மபுரி மாவட்டம் என்று இருக்கிறது, மனுவில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருக்கிறதே, வசிப்பிட மாற்றத்தைத் தெரிவித்தீர்களா என்றார்கள். எங்கள் ஹவில்தார் வீடு மாறவில்லை. அவர் பிறந்தபோது அந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965-இல் தர்மபுரி மாவட்டத்துக்குப் போனது. 2004-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சேர்ந்தது. அரசாணைகளால் நடந்த மாற்றத்துக்கு ஒரு முதியவரிடம் விளக்கம் கேட்கிறார்கள். எங்கள் உறுப்பினர்களில் சிலருடைய தாள்களில் கர்நாடகத்தின் ஆனேக்கல், அத்திப்பள்ளி முகவரிகள் உள்ளன. வேலை தேடிப் போன இடத்தில் தங்கியிருந்தபோது படையில் சேர்ந்தவர்கள் அவர்கள். கர்நாடகத்தில் கேட்டால் தமிழ்நாட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் கேட்டால் கர்நாடகத்துக்குப் போகச் சொல்கிறார்கள்.

கடைசியாக வந்த பதிலில், காலம் மிகவும் கடந்துவிட்டதாலும் பழைய ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதாலும் மேல்நடவடிக்கைக்கு இடமில்லை என்று எழுதியிருந்தார்கள். அழிக்கப்பட்டுவிட்டன என்று அவர்கள் எழுதவில்லை. அழிக்கப்பட்டிருக்கக்கூடும் என்றுதான் எழுதினார்கள். தேடிப் பார்த்தவர் எழுதும் வாக்கியம் அதுவல்ல. படையில் சேர்ந்தோரின் பெயர்ப் பதிவேடான லாங் ரோல் அழிக்கப்படும் ஆவணமல்ல என்பது ரெக்கார்டு ஆபீசில் வேலை பார்த்த எங்கள் உறுப்பினர்களுக்குத் தெரியும்.

காலம் கடந்துவிட்டது என்ற இந்தப் பதிலுக்கு நாங்கள் காட்டும் முன்னுதாரணம் ஒன்றே ஒன்று. அது தொலைவில் நடந்ததல்ல, பக்கத்துக் கர்நாடகத்தில், குடகு மண்ணில் பிறந்தவருடையது. தயவுசெய்து இதை முழுமையாகப் படிக்க வேண்டும்.

ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட தேவய்யா விமானப்படையின் 1-ஆவது ஸ்குவாட்ரனைச் சேர்ந்தவர். 1965 செப்டம்பர் 7 அன்று பாகிஸ்தானின் சர்கோதா விமானதளத்தைத் தாக்கப் போன மிஸ்டேர் விமானங்களில் அவருடையதும் ஒன்று. அவர் மாற்று விமானியாகப் பறந்தவர். ஒரு விமானம் விலகியதால் தாக்குதலில் சேர்ந்தார். அவர் திரும்பவில்லை. எப்படி இறந்தார், எங்கே விழுந்தார் என்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை. பதிவேட்டில் காணாமல் போனவர் என்று எழுதப்பட்டது. 1979-இல் ஜான் ஃப்ரிக்கர் என்ற ஆங்கில எழுத்தாளர், அந்த வான்போர் பற்றிப் பாகிஸ்தான் தரப்புத் தகவல்களுடன் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் வழியாகத்தான் உண்மை தெரியவந்தது. தம் விமானத்தைவிட மிக வேகமான எஃப்-104 ஸ்டார்ஃபைட்டர் விமானத்தை எதிர்த்து நின்று, அதைச் சுட்டு வீழ்த்திவிட்டே தேவய்யா மாண்டிருக்கிறார். அந்த நாளில் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை வகித்த தனேஜா அவர்கள் இதை மேலிடத்துக்கு எடுத்துச் சென்றார். 1988-இல், போர் முடிந்து 23 ஆண்டுகளுக்குப் பிறகு, தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா வழங்கப்பட்டது.

ஐயா, 23 ஆண்டுகள் கடந்தும் அந்தக் கோப்பு திறக்கப்பட்டது. காலம் கடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அதற்கு அரசு ஏற்ற சான்றின் தொடக்கம் அயல்நாட்டவர் ஒருவர் எதிரி நாட்டின் தகவலைக் கொண்டு எழுதிய புத்தகம். எங்கள் ஹவில்தாருக்கோ சான்று நம் ராணுவமே எழுதிய தாள். நம் மருத்துவமனையில் சேர்த்த குறிப்பு இருக்கிறது, நம் அதிகாரி கையொப்பமிட்ட டிஸ்சார்ஜ் புக் இருக்கிறது. எதிரியின் சொல்லை நம்பி மகாவீர் சக்ரா கொடுக்க முடிந்த நாட்டில், தன் சொந்த முத்திரையை நம்பி ஒரு ஸ்டாரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாதா?

தேவய்யா அவர்களுக்கு வழங்கியது வீரதீர விருது, நீங்கள் கேட்பது போர்ச் சேவைப் பதக்கம், இரண்டும் வேறு என்று எங்களிடம் வாய்மொழியாகச் சொன்னார்கள். வேறுதான். வேறாக இருப்பதால்தான் எங்கள் கோரிக்கை இன்னும் எளிது. வீரதீர விருதுக்குச் செயலின் தரத்தை எடைபோட வேண்டும், பரிந்துரை வேண்டும், குழு கூடி முடிவெடுக்க வேண்டும். பஸ்சிமி ஸ்டாருக்கு இவை எதுவும் வேண்டாம். அந்த நாட்களில் அந்த முனையில் இருந்தாரா, இல்லையா என்று பார்த்தால் போதும். புதிதாக எந்த விருதையும் நாங்கள் கேட்கவில்லை. அவர் ஏற்கெனவே ஈட்டியதை எழுதச் சொல்கிறோம்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். தேவய்யாவுக்காக எழுத அவருடைய கமாண்டிங் ஆபீசர் உயிருடன் இருந்தார். ஒரு ஹவில்தாருக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? இவருடைய அன்றைய கம்பெனி கமாண்டர் காலமாகிவிட்டார். உடன் நின்றவர்களில் பெரும்பாலோர் இல்லை. அந்த இடத்தில்தான் எங்கள் சங்கம் நின்று எழுதுகிறது.

பெயர்க் குழப்பத்தைக் காரணம் காட்டியவர்களுக்கும் ஒரு சொல். 1999 கார்கில் போரில் டைகர் ஹில்லில் போரிட்ட கிரனேடியர் யோகேந்திர சிங் யாதவுக்குப் பரம்வீர் சக்ரா முதலில் இறப்புக்குப் பிந்தைய விருதாக அறிவிக்கப்பட்டது. அவர் மருத்துவமனையில் உயிருடன் இருந்தார். மாண்டவர் அதே பெயர்கொண்ட வேறொரு வீரர். நாட்டின் மிக உயர்ந்த வீரதீர விருதின் அறிவிப்பிலேயே பெயர்க் குழப்பம் வந்தது, அது திருத்தப்பட்டது. திருத்தியதால் யாருக்கும் மதிப்புக் குறையவில்லை.

இந்தப் பதக்கங்களால் மாதாமாதம் பணம் வருமா என்று ஓர் எழுத்தர் கேட்டார். பஸ்சிமி ஸ்டாருக்கோ சங்கிராம் மெடலுக்கோ மாதப்படி கிடையாது. எங்கள் உறுப்பினர் பணம் கேட்கவும் இல்லை. ஓய்வூதியத்தில் கூடுதலாகப் பணம் போயிருந்தால் பிடித்தம் செய்ய உத்தரவு உடனே வருகிறது. மரியாதை விடுபட்டிருந்தால் கோப்பைத் தேட ஆளில்லை. எங்களை வருத்துவது இந்த வேறுபாடுதான்.

ஓய்வுக்குப் பின் அவர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை வாசலில் பல ஆண்டுகள் பாதுகாவலராக இருந்தார். குடியரசு தினத்தன்று அங்கே கொடியேற்றும்போது முன்னாள் படைவீரர்கள் பதக்கங்களை நெஞ்சில் குத்திக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். இவர் இரண்டே பதக்கங்களுடன் நிற்பார். போருக்கே போகாதவர்களின் நெஞ்சில் அதைவிட அதிகம் இருக்கும். பெங்களூரு ராணுவக் குடியிருப்புப் பக்கத்துக் கடைகளில் எந்தப் பதக்கத்தின் நகலும் விலைக்குக் கிடைக்கும். நண்பர்கள் வாங்கிக் கொடுக்க முன்வந்தார்கள். ஆவணத்தில் இல்லாததைக் குத்திக்கொள்ள மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அசல் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். அந்த விளிம்பைத்தான் அவர் கேட்கிறார். அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

ராணுவத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமே என்று சொல்கிறார்கள். அதன் அமர்வு சென்னையில் உள்ளது. ஓசூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். எழுத்துப் பிழையைத் திருத்த ஒரு முதியவரை வழக்காடச் சொல்வது நியாயமல்ல.

ரெக்கார்டு ஆபீஸ் தங்கள் நிர்வாகத்தின் கீழ் இல்லை என்பதை அறிவோம். ஆகவே தங்களால் செய்ய முடிந்ததை மட்டும் கேட்கிறோம். அந்த அலுவலகத்தின் தலைமை அதிகாரிக்குத் தாங்களே கையொப்பமிட்டு நேர்முகக் கடிதம் ஒன்று அனுப்ப வேண்டும். லாங் ரோலையும் 1971 டிசம்பர் மாதக் காயமடைந்தோர் அறிக்கையையும் தேடிப் பார்த்து, கிடைத்தது அல்லது கிடைக்கவில்லை என்று அதிகாரியின் பெயருடனும் பதவியுடனும் எழுத்தில் பதில் தரும்படி அதில் கோர வேண்டும். மூன்று விதமாக எழுதப்பட்ட பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று வட்டாட்சியர் வழியாகச் சான்று தர வேண்டும். அன்றைய சேலம், பின்னாளைய தர்மபுரி, இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டங்களில் குறிக்கப்படும் அந்த ஊர் ஒரே ஊர்தான் என்பதையும் அந்தச் சான்றிலேயே சேர்க்க வேண்டும். இத்தகைய சான்று இலங்கையில் அமைதிப் படையில் பணியாற்றியவர்களுக்கும் சியாச்சினில் இருந்தவர்களுக்கும் பயன்படும். அவர்களிலும் பதக்கம் விடுபட்டவர்கள் எங்கள் சங்கத்தில் உள்ளனர்.

2. முன்னாள் படைவீரர்களுக்கான குறைதீர்க்கும் கூட்டத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓசூரில் நடத்த ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

3. ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் தளத்தில் ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று பதிவுசெய்ய இயலாத முதியோருக்கும் விதவைகளுக்கும் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பகுதிகளில் உதவி முகாம் அமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

4. சிதிலமடைந்த டிஸ்சார்ஜ் புக்குகளை ஸ்கேன் செய்து சான்றொப்பமிட்ட நகல் வழங்கக் கேட்டுக்கொள்கிறோம்.

5. டிசம்பர் 7 கொடிநாள் நிகழ்ச்சிக்கும் குடியரசு தின விழாவுக்கும் போரில் காயமடைந்தோரை முறைப்படி அழைத்து, அவர்களுக்கு இருக்கை ஒதுக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த நான்கு கோரிக்கைகளும் தாமதமானாலும் பொறுத்துக்கொள்வோம். முதல் கோரிக்கைக்கு அவருடைய வயது இடம் தராது. இம்மனு கிடைத்ததற்கான ஒப்புகையுடன், நேர்முகக் கடிதம் அனுப்பப்பட்ட நாளையும் எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்