புதுச் சங்கம் தொடங்க எவர் அனுமதி வேண்டும்?

அலபாமா மாகாணச் சட்டமன்றம் 2024-ஆம் ஆண்டு நிறைவேற்றி, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமுலுக்குக் கொண்டுவந்த சட்டம், பொதுப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகளில் பன்மை, சமத்துவம் என்ற பெயரில் அலுவலகமோ நிகழ்ச்சியோ இருத்தலாகாது என்று விதித்தது. டஸ்கலூசா நகரத்து அலபாமா சர்வகலாசாலை, சட்டம் அமுலாகும் நாள் வரைகூடக் காத்திராமல், கறுப்பின மாணவர் சங்கத்துக்கென்று இருந்த அறையை ஆகஸ்டு மாதத்திலேயே பறித்துக்கொண்டது. ஓரினத்தாருக்கென்று தனியிடம் ஒதுக்குவது மாணவரைப் பிரித்துவைக்கும் என்பது சட்டத்தை ஆதரித்தவர்களின் வாதம். அதே வளாகத்தில், உயர்ந்த தூண்கள் தாங்கிய முகப்புகளோடு, மாணவியர் சங்கங்களாகிய சொராரிட்டிகளின் மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்களை மட்டுமே உள்ளே விட்ட அந்த மாளிகைகள் யாரையாவது பிரித்தனவா என்று சட்டம் செய்தவர்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அவர்களுடைய கடமையாக இருந்தது.

இந்த அநியாயத்தைக் கண்டு மனம் கொதித்தவர்கள் பலர் உடனே சொல்லும் பரிகாரம், சொராரிட்டிகளை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்பது. அதை நான் ஏற்கவில்லை. பெண்கள் தமக்குள் கூடி, தாமே விதி வகுத்து, தாமே வரவுசெலவு பார்த்து நடத்தும் ஸ்தாபனம் எந்தக் கலாசாலைக்கும் நன்மையே செய்யும். தீங்கு இருக்குமிடம் வேறு: புதிதாக ஒன்றைத் தொடங்க விரும்பும் மாணவியர், ஏற்கெனவே இருப்பவற்றின் சம்மதத்துக்காக வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கிறதே, அந்த ஏற்பாட்டில் இருக்கிறது. இந்தச் சங்கங்கள் எப்படித் தோன்றின என்ற சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்த ஏற்பாடு முன்னோர்களுக்குச் செய்யும் துரோகம் என்பது சொல்லாமலே விளங்கும்.

இண்டியானா மாகாணத்துக் கிரீன்காஸில் ஊரில், இன்று டிபா சர்வகலாசாலை என்று வழங்கும் அன்றைய ஆஸ்பரி கலாசாலை, 1867-இல்தான் பெண்களைச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கிற்று. முதன்முதலில் பிரவேசித்த சிலருள் ஒருவர் பெட்டி லாக். அங்கேயே கணிதப் பேராசிரியராக இருந்தவரின் புதல்வி. ஆண் மாணவர்களின் ‘ஃபை காமா டெல்டா’ சங்கத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் சங்கத்தின் சின்னத்தை அணிந்துகொள்ளும்படி அவரைக் கேட்டுக்கொண்டார். அங்கத்தினருக்குரிய பிரதிக்ஞையையும் உரிமைகளையும் சேர்த்துத் தருவதானால் அணிகிறேன் என்று பெட்டி லாக் பதில் சொன்னார். சங்கத்தார் கூடி யோசித்து, அங்கத்துவத்தை மறுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தங்கள் சங்கத்தின் எழுத்துகளைப் பொறித்த வெள்ளிக் கூடையொன்றை, விருந்துகளில் கேக் வைத்துப் பரிமாறும் கூடையை, அவருக்கு அன்பளிப்பாக அனுப்பிவைத்தார்கள். பெண்ணுக்குச் சரிசமமான இடத்தைத் தருவதைவிட வெள்ளிச் சாமானைத் தருவது ஆண்களுக்கு எக்காலத்திலும் எளிதாகவே இருந்திருக்கிறது. 1870-ஆம் ஆண்டு ஜனவரி 27 அன்று பெட்டி லாக் ஒரு நிலைக்கண்ணாடியின் முன்னால் நின்று, புதிய சங்கத்தின் பிரதிக்ஞையைத் தனக்குத்தானே சொல்லி, தன்னைத்தானே அதன் முதல் அங்கத்தினராக்கிக்கொண்டார். பிறகு ஆலிஸ் ஆலன், பெட்டி டிப்டன், ஹன்னா ஃபிட்ச் ஆகிய மூவருக்கும் அப்பிரதிக்ஞையைச் செய்துவைத்தார். ‘கப்பா ஆல்ஃபா தீட்டா’ அவ்விதம் பிறந்தது. நான்கு பெண்கள், ஒரு பிரதிக்ஞை, ஒரு கண்ணாடி. அவ்வளவே அன்று தேவைப்பட்டது. மாளிகை இல்லை, தலைமை நிலையம் இல்லை, அவர்கள் இருக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்த அவர்களுக்கு முன்னால் அங்கே வேறொரு மாணவியர் சங்கமும் இல்லை.

இன்றைய நிலையைப் பார்க்கலாம். 1902-இல் சிகாகோவில் ஏழு சொராரிட்டிகளின் பிரதிநிதிகள் கூடி ஏற்படுத்திய தேசிய மகாநாட்டில் இப்போது 26 சங்கங்கள் அடங்கியிருக்கின்றன. ஒரு வளாகத்தில் அவற்றின் கிளைகள் சேர்ந்த கூட்டுமன்றம் ஒன்று இருக்கும். அந்த மன்றம் வாக்கெடுத்து ‘விஸ்தரிப்பு’க்கு இசைந்தால்தான் அந்த 26-இல் புதியதொன்று அங்கே காலூன்ற முடியும். இசைவு கிடைத்த பிறகும், விண்ணப்பித்த சங்கங்கள் ஒவ்வொன்றாக வந்து தத்தம் சிறப்பை எடுத்துரைக்க, அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்படுகிறது. தாங்களாகவே கூடிய பத்துப் பதினைந்து மாணவியர் அந்த வரிசைக்குள் இடம்பெற வேண்டுமானால், இந்த 26-இல் ஒன்று அவர்களைத் தன் கிளையாக ஏற்க வேண்டும்; அதற்கும் கூட்டுமன்றம் இடங்கொடுக்க வேண்டும். கடைத்தெருவில் பழைய வியாபாரிகள் கூடி உட்கார்ந்து, புதிதாகக் கடை வைக்க வருகிறவருக்கு உத்தரவு கொடுப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் முறைக்கும் இதற்கும் நான் வித்தியாசம் காணவில்லை. அங்கத்தினர் தொகை சமமாகப் பங்கிடப்பட வேண்டும், இல்லாவிட்டால் சிறிய கிளைகள் வாடிப்போகும் என்று மன்றத்தார் சமாதானம் சொல்கிறார்கள். வாடுகிற சங்கம் வாடட்டும். எவருக்கும் வேண்டாத ஸ்தாபனத்தைக் காப்பாற்றுவதற்காக, பலருக்கு வேண்டியதொன்றைப் பிறக்கவிடாமல் தடுப்பது என்ன நியாயம்?

ஆகஸ்டு மாதத்து டஸ்கலூசாவில் நடக்கும் சேர்க்கை வாரத்தை 2021 முதல் டிக்டாக்கின் வழியே உலகமே பார்த்துவருகிறது. பெண்கள் மாளிகை மாளிகையாகச் சென்று பேசுகிறார்கள். சுற்றுக்குச் சுற்று வடிகட்டப்படுகிறார்கள். இறுதி நாளில் பிரையன்ட்-டென்னி மைதானத்தின் படிவரிசைகளில் ஆளுக்கொரு உறையோடு அமர்ந்து, ஒரே சமயத்தில் உறையைக் கிழித்து, உள்ளே எழுதியிருக்கும் சங்கத்தின் மாளிகையை நோக்கி ஓட்டமாக ஓடுகிறார்கள். அந்த உறைக்குள் எந்தப் பெயர் இருக்கும் என்பதை முடிவுசெய்கிறவர் யார் என்பது 2013 செப்டம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. மாணவர் பத்திரிகையாகிய ‘கிரிம்ஸன் வைட்’ வெளியிட்ட செய்தியின்படி, பள்ளியில் 4.3 என்னும் உயர்ந்த மதிப்பெண் சராசரி பெற்று, சர்வகலாசாலையோடு குடும்பத் தொடர்பும் உள்ள ஒரு கறுப்பின மாணவி, சகல தகுதிகளும் இருந்தும், எல்லாச் சங்கங்களாலும் கைவிடப்பட்டார். அப்போதைய அங்கத்தினர்கள் அவரைச் சேர்க்க விரும்பியபோது குறுக்கே நின்றவர்கள் முன்னாள் அங்கத்தினர்களாகிய மூத்த சீமாட்டிகள் என்று அச்சங்கங்களின் மாணவியரே முன்வந்து சொன்னார்கள். சர்வகலாசாலைத் தலைவர் ஜூடி பானர் தலையிட்டுச் சேர்க்கையை மறுபடி திறக்கச் செய்த பிறகுதான் கறுப்பின மாணவியர் சிலருக்கு அழைப்பு கிடைத்தது. 1963 ஜூன் 11 அன்று கவர்னர் ஜார்ஜ் வாலஸ் கறுப்பின மாணவர்களை வாசற்படியில் நின்று மறித்தபோது, அந்தச் சர்வகலாசாலையின் கதவை மத்திய சர்க்கார் ஒரே நாளில் திறந்துவிட்டது. அதே வளாகத்துச் சொராரிட்டிகளின் கதவு, இடையில் நேர்ந்த அபூர்வ விதிவிலக்கைத் தள்ளிப் பார்த்தால், திறப்பதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. ஒரு நாளையும் ஐம்பது ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி நான் வாசகரை வேண்டுகிறேன். பழைய சங்கங்கள் தாமாகவே திருந்தும், அதுவரை பொறுத்திருக்கலாம் என்கிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை.

பழையதைத் திருத்துவதற்காகக் காத்திருந்து ஆயுளைக் கழிக்காமல், புதியதைத் தொடங்கியவர்களே காரியத்தைச் சாதித்திருக்கிறார்கள். வாஷிங்டன் நகரத்து ஹோவார்டு சர்வகலாசாலையில், கறுப்பின மாணவியரின் முதல் சொராரிட்டியாகிய ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ 1908-இல் தொடங்கப்பட்டது. ஐந்தே ஆண்டுகளில் அதன் அங்கத்தினரில் 22 பேர், சங்கம் பொதுக்காரியங்களில் இன்னும் ஊக்கமாக இறங்க வேண்டும் என்ற அபிப்பிராயத்தால் பிரிந்து, 1913 ஜனவரி 13 அன்று ‘டெல்டா சிக்மா தீட்டா’வை ஸ்தாபித்தார்கள். அவர்கள் முதலில் செய்த பகிரங்கக் காரியம், ஏழே வாரங்களில், மார்ச் 3 அன்று பென்ஸில்வேனியா சாலையில் நடந்த பெண்கள் வாக்குரிமை ஊர்வலத்தில் அணிவகுத்துச் சென்றது. அதுவும் கறுப்பினப் பெண்களுக்கு ஊர்வலத்தில் எந்த இடம் கொடுப்பது என்று அமைப்பாளர்களே தயங்கிக்கொண்டிருந்த வேளையில். பிரிவினால் மூத்த சங்கம் அழிந்துபோயிற்றா? பிரிவு நேர்ந்த அதே ஜனவரி மாத இறுதியில் அது தன்னைச் சட்டப்படி பதிவுசெய்து உறுதிப்படுத்திக்கொண்டது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இரண்டும் தேசமெங்கும் கிளைவிட்டு நிற்கின்றன. 1920-இல் அதே ஹோவார்டில் மூன்றாவதாக ‘ஸீட்டா ஃபை பீட்டா’ தோன்றியது. தமிழ்நாட்டுத் துளசேந்திரபுரத்துக் குடும்பத்தின் பேத்தியாகிய கமலா ஹாரிஸ் 1986-இல் சேர்ந்தது அவற்றுள் மூத்ததாகிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில். 2024 ஜூலையில், ஜனாதிபதி பைடன் தேர்தல் போட்டியிலிருந்து விலகிய சில நாட்களுக்குள், இண்டியானாபொலிஸ் நகரத்தில் அவர் ஆதரவு கேட்டு நின்ற மேடை ஸீட்டா சங்கத்தாருடையது. போட்டிச் சங்கம் முளைத்தால் ஒற்றுமை குலையும் என்று அஞ்சுகிறவர்கள் அந்த மேடையைக் கவனித்திருக்க வேண்டும்.

இப்படித் தோன்றியவை அநேகம். 1909-இல் பார்னார்டு கலாசாலையில் ஏழு யூத மாணவியர் தமக்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். 1922-இல், கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளை இனவெறிக் கூட்டம் இண்டியானாவில் பெருகிக்கொண்டிருந்த காலத்தில், இண்டியானாபொலிஸின் கறுப்பின ஆசிரியைகள் எழுவர் ‘சிக்மா காமா ரோ’வை நிறுவினார்கள். 1929-இல் கலிஃபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஜப்பானிய வம்சத்துப் பெண்கள் ‘கை ஆல்ஃபா டெல்டா’வுக்கு அங்கீகாரம் பெற்றார்கள்; உலக யுத்தத்தில் அவர்களைச் சர்க்கார் முகாம்களில் அடைத்தபோது சங்கம் நின்றுபோயிற்று, யுத்தம் முடிந்ததும் மீண்டும் எழுந்தது. 1975-இல் நியூ ஜெர்ஸியில் ஸ்பானிய மொழி பேசும் குடும்பத்துப் பெண்கள் ஒன்றைத் தொடங்கினார்கள். 1998-இன் கடைசி இரண்டு மாதங்களுக்குள், ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலுமாக, இந்திய உபகண்டத்து மாணவியரை மனத்தில் கொண்ட மூன்று சொராரிட்டிகள் ஒன்றையடுத்து ஒன்று தோன்றின. இரண்டு மாதம், மூன்று ஊர், மூன்று சங்கம்! எங்கள் பெண்கள் கேட்டுப் பெறக் காத்திராமல் தாங்களே செய்துகொண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

ஒழித்துவிட வேண்டும் என்கிற கட்சியாருக்கு ஹார்வர்டு சர்வகலாசாலை ஒன்றே போதிய பாடம். பாலியல் வன்முறையைப் பற்றி ஆராய்ந்த குழு ஆண்களின் பழைய சங்கங்களைச் சுட்டிக்காட்டிற்று. நிர்வாகமோ 2016-இல் ஆண், பெண் என்ற பேதமின்றி, ஒருபாலார் மட்டும் சேரும் எல்லாச் சங்கங்களுக்கும் தண்டனை விதித்தது. அவற்றில் சேருகிற மாணவர் விளையாட்டுக் குழுவின் தலைவராகக்கூடாது, ரோட்ஸ் போன்ற உபகாரச் சம்பளங்களுக்குக் கலாசாலையின் சிபாரிசு கிடையாது என்றது. விளைவு என்ன? 2018-க்குள் ‘டெல்டா காமா’ கிளை மூடப்பட்டது. மற்றச் சொராரிட்டிகளின் மாணவியர் பெயரை மாற்றி, தேசியச் சங்கத்தின் தொடர்பை அறுத்து, ஆண்களையும் சேர்த்துக்கொள்ளும்படி ஆயிற்று. பெட்டி லாக் நிறுவிய சங்கத்தின் கிளையும் அவற்றுள் ஒன்று. 1791-இல் தோன்றிய ‘போர்ஸெல்லியன்’ என்னும் ஆண்கள் சங்கமோ அசையாமல் இருந்தது. குற்றம் ஆண்களுடையது, தண்டனை பெண்களுக்கு. 2020 ஜூனில், உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பொன்றைக் காரணமாகச் சொல்லி, ஹார்வர்டு அந்த விதியைக் கைவிட்டது; அதற்குள் அடியோடு மாறிப்போன சங்கங்களைத் திருப்பித் தர அதனால் முடியவில்லை. செலவு மிகுதி, ஆடம்பரம் மிகுதி, ஆகவே ஒழிக என்று இன்னமும் எழுதுகிறவர்கள், தம்மைப்போல் வசதியுள்ள இடத்தில் பிறவாத ஒரு பெண் முன்பின் தெரியாத வளாகத்தில் முதல் வருஷத்தை எவ்வாறு கழிக்கிறாள் என்பதை நினைத்தும் பார்த்ததில்லை. அவர்களோடு மேலும் வாதாட எனக்கு விருப்பமில்லை.

கல்வியில் பால்பேதம் கூடாது என்று 1972-இல் சட்டம் செய்த அமெரிக்கக் காங்கிரஸ், 1974-இல் சொராரிட்டிகளுக்கும் ஆண்களின் சங்கங்களுக்கும் அதிலிருந்து விலக்கு அளித்தது. விலக்கு என்பது தேசம் கொடுக்கும் சலுகை. சலுகைக்கு நிபந்தனை விதிக்கத் தேசத்துக்கு உரிமை உண்டு. எந்த வளாகத்திலும் பன்னிரண்டு மாணவியர் கையெழுத்திட்டு ஒரு சங்கம் தொடங்குவதாகத் தெரிவித்தால், கூட்டுமன்றத்தின் வாக்கெடுப்பின்றியே அதற்குச் சேர்க்கை வாரத்தில் சமமான இடமும், முதல் நாளிலிருந்தே மன்றத்தில் ஒரு வாக்கும் கிடைக்க வேண்டும். முன்னாள் அங்கத்தினர் எவருக்கும் சேர்க்கையில் குரல் இருத்தலாகாது. அலபாமாவைப்போல் பொதுப்பணத்தில் நடக்கும் சர்வகலாசாலைகள் இவ்விரண்டையும் அடுத்த சேர்க்கை வாரத்துக்கு முன்பே விதியாக்க வேண்டும். இதற்கு ஒப்பாத சங்கத்துக்குக் காங்கிரஸின் விலக்கும் வேண்டியதில்லை, வளாகத்து நிலமும் வேண்டியதில்லை. ஊருக்குள் தன் சொந்தப் பணத்தில் மனை வாங்கி மாளிகை கட்டிக்கொள்ளட்டும்.