விடியற்காலை யாருக்கு?

அனுமனுக்கு இரண்டு பிறந்தநாள்கள். தமிழ்நாட்டில் அவர் மார்கழியில் பிறக்கிறார். காசியில் சைத்ர மாதப் பௌர்ணமியில். இரண்டுமே கச்சேரி சீசன் என்பதுதான் வேடிக்கை. இங்கே சால்வை, காபி, காண்டீன் ரவா தோசை, கடைசி பஸ்ஸுக்கு முன் மங்களம். அங்கே நாற்பது டிகிரி வெயில் இறங்கிய பிறகு, கோயில் முற்றத்தில் சம்மணமிட்டு, விடிய விடிய ஆறு இரவுகள்.

வாராணசியின் சங்கட மோசன் கோயிலில் 1923-இல் தொடங்கிய இந்த இசை விழா, 2023-இல் நூறாவது ஆண்டைத் தொட்டது. டிக்கெட் கிடையாது. முன் வரிசை நாற்காலிக்குச் சிபாரிசு தேடும் வேலை கிடையாது. ரிக்‌ஷாக்காரரும் பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஒரே ஜமக்காளத்தில் உட்காரலாம். வாத்தியத்தைச் சுருதி சேர்க்கும்போதே 'ஹர ஹர மஹாதேவ்' என்று கூட்டம் முழங்கும். கைதட்டலுக்குக் காசிக்காரர்கள் வைத்திருக்கும் மாற்று அது. பாட வருகிறவர்கள் இதைக் கச்சேரி என்று சொல்வதில்லை. 'ஹாஜ்ரி' என்பார்கள். அனுமன் சன்னதியில் வருகைப் பதிவு.

ஏப்ரல் பிறந்ததும் ரசிகனுக்கு ஒரு பரபரப்பு வந்துவிடும். கலைஞர்கள் பட்டியல் எப்போது வரும்? வந்ததும், புதியவன் யார் யார் என்று பார்ப்பான். பழகியவன் யார் எத்தனை மணிக்கு என்று பார்ப்பான். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. ஒரே சிதார்க் கலைஞர் இரவு ஒன்பதுக்கு உட்கார்ந்தால் ஒரு கச்சேரி, அதிகாலை நாலுக்கு உட்கார்ந்தால் முற்றிலும் வேறு கச்சேரி.

இது நம் காதுகளுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். கர்நாடக இசை மேடை, நேரக் கணக்கை ஏறக்குறைய கைவிட்டுவிட்டது. மாலை ஆறரைக் கச்சேரியில் பௌளியும் வரலாம், தன்யாசியும் வரலாம். யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். கோயில் நாகஸ்வரக்காரர்கள் மட்டும்தான் காலையில் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்ற ஒழுங்கை ஓரளவு காப்பாற்றி வந்தார்கள். ஹிந்துஸ்தானியில் அப்படி இல்லை. நாளை மூன்று மூன்று மணி நேரமாக எட்டுப் பிரஹரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ராகங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தி சாயும்போது மார்வா, பூரியா. விளக்கு வைத்த பின் நம் கல்யாணிக்கு உறவான யமன். இரவு ஏற ஏற பாகேஸ்ரீ, தர்பாரி, நம் ஹிந்தோளமாகிய மால்கௌன்ஸ். கிழக்கு வெளுக்கும் முன் சோஹினி, லலித். வெளுத்தபின் பைரவ், அஹிர் பைரவ், நாம் சுபபந்துவராளி என்று சொல்கிற தோடி.

லலித்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பஞ்சமம் இல்லை. இரண்டு மத்யமங்களும் அடுத்தடுத்து வரும். நம் எழுபத்திரண்டு மேளங்களில் ஒன்றில்கூட இதை அடக்க முடியாது, ஏனென்றால் ஒரு மேளத்துக்கு ஒரு மத்யமம்தான். இரவும் இல்லாத பகலும் இல்லாத அந்த அரை மணிக்கு ஏற்ற ராகம். மாலை ஏழு மணிக்கு ஏர்கண்டிஷன் அரங்கில் இதை யாரும் பாடமாட்டார்கள். பாடினால் ரசிகர்களே நெளிவார்கள். ஆகவே லலித்தை நேரில், அதன் நேரத்தில் கேட்க வேண்டுமென்றால் விடிய விடிய நடக்கும் விழா ஒன்று வேண்டும். அதுதான் இப்போது அரிதாகி வருகிறது.

புனே நகரின் சவாய் கந்தர்வ விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். தன் குருவின் நினைவாகப் பீம்சேன் ஜோஷி 1953-இல் தொடங்கியது. பல்லாண்டுகள் இரவு முழுக்க நடந்தது. கடைசிக் காலையில் ஜோஷியே பாடுவார். அதற்காகவே ஆயிரக்கணக்கானோர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார்கள். பிறகு ஒலிமாசு விதிகள் 2000-இல் வந்தன. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் பதினைந்து நாள் வரை விலக்கு தரலாம், அதுவும் நள்ளிரவு வரைதான். புனே விழா பிற்பகலில் தொடங்கி இரவு பத்துக்கு முடிகிற விழாவாகிவிட்டது. மதியத்து ராகங்களான பீம்பளாசியும் முல்தானியும் அதனால் பிழைத்தன. லலித் வெளியேற்றப்பட்டது.

விதியைக் குறை சொல்வதற்கில்லை. அம்மன் கோயில் குழாய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கும், ஆஸ்பத்திரிக்கு அடுத்த கல்யாண மண்டபத்தை அனுபவித்தவர்களுக்கும் அதன் அருமை தெரியும். நமக்குப் பிடித்த சத்தம் சங்கீதம், அடுத்தவனுக்குப் பிடித்தது இரைச்சல் என்று சட்டம் எழுத முடியாது. ஆனால் வழி இல்லாமலும் இல்லை. கொல்கத்தாவின் டோவர் லேன் மாநாடு மூடிய அரங்குக்குள் ஜனவரி இரவுகளை விடிய விடிய நடத்துகிறது. மூடிய அரங்குக்கு விதியிலேயே இடம் உண்டு. விடியற்காலை ராகங்களுக்கு ஓர் அரங்கு ஒதுக்க எந்த சபாவும் ஏன் முன்வருவதில்லை?  மேடையே இல்லாத ராகத்தை எந்த மாணவன் பத்து வருஷம் சாதகம் செய்வான்? ஒலிப்பதிவில் ராகம் இருக்கும். பாடுகிறவர் இருக்க மாட்டார்.

சங்கட மோசன் ராகங்களை மட்டும் காப்பாற்றவில்லை. 2006 மார்ச் 7 அன்று மாலை, பக்தர்கள் நிறைந்திருந்த இந்தக் கோயிலில் குண்டு வெடித்தது. அன்றே ரயில் நிலையத்திலும் வெடித்தது. ஊர் பற்றி எரியும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அன்றைய மகந்த் வீரபத்ர மிஸ்ரா அமைதி காக்கச் சொன்னார். காசி கேட்டது. பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் போதித்த பேராசிரியர் அவர். காலையில் கங்கையில் முழுகிவிட்டு, அதே கங்கையின் அசுத்தத்தைக் கணக்கெடுத்து அரசோடு மல்லுக்கு நின்றவர். 2013-இல் காலமானார். பிறகு பொறுப்பேற்ற மகன் விஸ்வம்பர்நாத் மிஸ்ராவும் பொறியியல் பேராசிரியர். பக்கவாஜ் வாசிப்பவர்.

இதே மேடையில் 2015 ஏப்ரலில் பாகிஸ்தானின் கஜல் பாடகர் குலாம் அலி பாடினார். அந்த ஆண்டு அக்டோபரில் மும்பையில் அவர் கச்சேரி எதிர்ப்பால் ரத்தானது. 2016-இல் அவர் மறுபடியும் அனுமன் சன்னதிக்கு வந்தார். மாநகரத்து அரங்கு தர முடியாத துணிச்சலை ஒரு கோயில் முற்றம் தந்தது.

காத்திருப்பில் துக்கமும் கலந்திருக்கிறது. பட்டியலைப் பார்க்கும்போது இருக்கும் பெயர்களோடு இல்லாத பெயர்களும் கண்ணில் படுகின்றன. பல ஆண்டுகளாகத் தவறாமல் ஹாஜ்ரி கொடுத்த பண்டிட் ஜஸ்ராஜ், 2020 ஏப்ரலில் கொரோனாவால் அமெரிக்காவில் தங்க நேர்ந்தபோது அங்கிருந்தே இணையம் வழியாக அனுமனுக்குப் பாடினார். நாலு மாதம் கழித்து, ஆகஸ்ட் 17 அன்று, தொண்ணூறாவது வயதில் மறைந்தார். காசியின் மைந்தர் ராஜன் மிஸ்ரா 2021 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பலியானார். தம்பி சாஜன் மிஸ்ராவோடு சேர்த்தே உச்சரித்துப் பழகிய பெயர் அது. அடுத்த ஆண்டு ஜனவரியில் பிர்ஜு மஹராஜ், மே மாதம் சந்தூர் சிவகுமார் சர்மா.

அதனால்தான் இப்போது பட்டியலை வேறு மாதிரி வாசிக்க வேண்டியிருக்கிறது. பழைய பெயர்களைத் தேடுவதை விட்டு, அதிகாலை மூன்றரை மணிக்கு எதிரே எந்த இளைஞர் பெயர் இருக்கிறது என்று பார்க்கிறேன். கேள்விப்படாத பெயராக இருந்தால் இன்னும் நல்லது. கூட்டம் பாதியாகக் குறைந்து, மீதிப் பாதி தூண்களில் சாய்ந்திருக்கும் வேளையில், அவர் லலித்தைத் தொட வேண்டும். தூங்குகிறவன் நிமிர்ந்து உட்கார வேண்டும். அது நடந்தால் அடுத்த இருபது ஆண்டுக்குக் கவலை இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை யோசனைகள். பகலில் தூங்கிவிடுங்கள், காசி வெயிலில் வேறு எதுவும் செய்ய முடியாது. செருப்பையும் கண்ணாடியையும் பத்திரமாக வையுங்கள், அனுமனின் உறவினர்கள் வளாகம் முழுக்க உண்டு. மண் குவளையில் டீயும் பிரசாதக் கடலைமாவு லட்டும் இரவைத் தாண்ட உதவும். முக்கியமாக, பாதியில் எழுந்து வராதீர்கள். வழக்கப்படி கடைசியில் வருவது பைரவி. பெயரைக் கேட்டு நம் பைரவி என்று நினைத்துவிட வேண்டாம். அதன் ஸ்வரங்களுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ஹனுமதோடி.