விட்டுட்டானா, இல்லையா?

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்து ஊருக்குப் போன் போடுவது இங்கே எல்லோருக்கும் பழக்கம். போன வருடம் முழுக்க அந்தப் போனில் நான் கேட்ட ஒரே கேள்வி: "அவன் விட்டுட்டானா?"

அவன் என்பது என் தம்பி. விட வேண்டியது குடி. நாகர்கோவிலில் இருந்து வாரம் ஒருமுறை பஸ் ஏறி, திருவனந்தபுரத்தில் ஒரு கவுன்சிலரிடம் போய்க்கொண்டிருந்தான். (1956 வரை நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். பெரிய வியாதி என்றால் இன்றும் பலருக்குத் திருவனந்தபுரம்தான்.)

ஆறாவது வாரம் அம்மா சொன்னாள். "மக்கா, இந்த வாரம் ரெண்டு நாள் தொடல்ல. ராத்திரி பிள்ளைக்கு கணக்கு சொல்லிக் குடுத்தான்."

நான் சொன்னேன், "ரெண்டு நாள்தானே? மத்த அஞ்சு நாள்?"

போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. அடுத்த இரண்டு வாரம் அவன் பஸ் ஏறவில்லை.

ஆகவே கீழே வரும் திட்டு முதலில் எனக்கு, அப்புறம் உங்களுக்கு.

வெளிநாட்டில் இருக்கிற நமக்கு ஒரு புத்தி உண்டு. பணம் அனுப்பினால் ரிசல்ட் வரவேண்டும். வீடு கட்ட அனுப்பினால் தளம் போட்ட போட்டோ வருகிறது. கவுன்சிலிங்குக்கு அனுப்பினால் என்ன போட்டோ வரும்? "இன்னும் எத்தனை சிட்டிங்?" என்று கான்ட்ராக்டரிடம் கேட்பது போலக் கேட்கிறோம்.

புகைப்பழக்கத்தை விட்டவர்களை ஆராய்ந்த புரோசாஸ்கா, டிக்ளமென்டி இருவரும் மாற்றம் படிப்படியாக வருவதாக 1983ல் எழுதினார்கள். நினைப்பே இல்லாத நிலை, யோசிக்கிற நிலை, செய்கிற நிலை, காப்பாற்றுகிற நிலை. நடுவில் வழுக்குவதும் அதில் சேர்த்தி. அதே வருடம் வில்லியம் மில்லர், குடிப்பவர்களோடு எப்படிப் பேசுவது என்று எழுதினார். நாம் வாதாடினால் அவர்கள் எதிர்க்கட்சி வக்கீல் ஆகிவிடுவார்கள். மாற்றத்துக்கான பேச்சு அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும்.

அந்தப் பேச்சு நம் வீடுகளில் எப்படி இருக்கும்? "விடணும்னுதான் இருக்கு." "போன தடவை பத்து நாள் இருந்தேனே." "பொண்ணு பக்கத்துல வரமாட்டேங்கா." "இப்படியே போனா சரிப்படாது." இதைக் கேட்டதும் நாம் என்ன சொல்கிறோம்? "ஆமா, நூறு தடவை சொல்லியாச்சு." முளை விட்டதைப் பிடுங்கி வேர் பிடித்ததா என்று பார்க்கிற வேலை இது.

மில்வாக்கியில் ஸ்டீவ் டி ஷேசர் குழுவினர் சிகிச்சைக்கு வந்தவர்களிடம் ஒன்று கேட்டார்கள்: அப்பாயின்ட்மென்ட் வாங்கிய நாளுக்கும் இன்றைக்கும் நடுவில் ஏதாவது மாறியதா? 1987ல் அவர்கள் எழுதியபடி, மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆமாம் என்றார்கள். சிகிச்சை தொடங்கும் முன்னாலேயே! யாரும் கேட்காததால் அது யார் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருவனந்தபுரம் மனநல ஆஸ்பத்திரி 1870ல் தொடங்கியது. அது இருக்கும் ஊளம்பாறை என்ற பெயரே வசவாகிவிட்டது, சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மாதிரி. அப்படிப்பட்ட ஊருக்கு, தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவானோ என்ற பயத்தோடு ஒருவன் தானாக பஸ் ஏறுகிறான். முதல் அடையாளம் அதுதான். நான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

"செல்லம் கொடுத்தால் ஏமாற்றுவான்" என்பீர்கள். பாராட்டுவிழா நடத்தச் சொல்லவில்லை. பைக் சாவியையோ ஏ.டி.எம். கார்டையோ கொடுக்கவும் சொல்லவில்லை. நடந்ததைக் கவனித்து, "அந்த ரெண்டு நாள் எப்படிடா முடிஞ்சுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடினால் போதும். பதிலில் அவனுடைய வழி இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டரைப் பார்த்துவிட்டே நிறுத்தவேண்டும். ஊரில் இருப்பவர்கள் 14416க்குப் போன் செய்யலாம். டெலி மானஸ், 2022ல் வந்த இலவச சேவை.

தம்பி மறுபடி போகிறான். முழுக்க விட்டானா? இல்லை. போன வாரம் நான்கு நாள். எப்படி என்று கேட்டேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு ஜங்ஷன் பக்கமே போகல்ல" என்றான். ஆறு வருடத்தில் அவன் என்னிடம் குடியைப் பற்றி உண்மையாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

வருகிற வெள்ளிக்கிழமை நீங்களும் கேள்வியை மாற்றிப் பாருங்கள். ஸ்பீக்கரில் இருந்தாலும் பரவாயில்லை.